மதியத்துக்குள் அழியும் கோலத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

கேள்வி இதுதான். வேலை, குழந்தை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், 36 வயதில் வாட்டர்கலர் வரையத் தொடங்குகிறார். ஆறு மாதம் ரொம்பப் பிடித்திருக்கிறது. தோழிகள் பார்த்துவிட்டு “இதை விற்கலாமே” என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து, பிறந்தநாள் அட்டை, பெயர்ப்பலகை என்று நான்கு மாதம் ஆர்டர் எடுக்கிறார். இப்போது பிரஷைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறதாம். வேறு ஏதாவது தொடங்கலாம் என்றால், “இதனால் என்ன வரப்போகிறது” என்ற எண்ணம் முந்திக்கொள்கிறதாம். ஒரு பொழுதுபோக்கை அதற்காகவே செய்து சந்தோஷப்படுவது எப்படி என்று கேட்டிருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மனநல ஆலோசகர் இல்லை. 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த பொழுதுபோக்கு ஒன்றே ஒன்று, சிக்குக் கோலம். அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் வாட்டர்கலருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நடந்ததை 1973-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் குழந்தைகள் பள்ளி. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி, மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்திடம், “படம் போட்டால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அதே சான்றிதழ்தான், ஆனால் முன்னால் சொல்லவில்லை. போட்டு முடித்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்து வகுப்பில் பேனாவையும் தாளையும் சும்மா ஒரு மேசையில் வைத்துவிட்டு, யார் தானாகப் போய் எடுக்கிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள்.

சான்றிதழே வாங்காத பிள்ளைகள் தங்கள் நேரத்தில் 16.7 சதவீதத்தைப் படம் போடுவதில் செலவழித்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகள் 18.1 சதவீதம். பேசிவைத்து வாங்கிய பிள்ளைகள் 8.6 சதவீதம். பாதிதான்.

இரண்டாவது கூட்டத்தைக் கவனியுங்கள். பரிசு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. முன்பேரம்தான் கெடுத்திருக்கிறது. “இதைச் செய், அதைத் தருகிறேன்” என்று சொன்ன நிமிடத்தில், அந்தப் பிள்ளையின் மனதில் படம் போடுவது ‘அதை’ வாங்குவதற்கான வேலையாகிவிட்டது. பிறகு ‘அது’ இல்லாதபோது எதற்குப் போட வேண்டும்? 1999-ல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் மூவரும் இந்த மாதிரி 128 சோதனைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். அதிலும் ஏறக்குறைய இதே கதைதான். கையில் கிடைக்கும், முன்னாலேயே பேசிய கூலி ஆசையைக் குறைக்கிறது; வாய்ப் பாராட்டு குறைப்பதில்லை. இதை மறுத்து எழுதிய ஆராய்ச்சியாளர்களும் உண்டு, பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒன்றை மட்டும் பொதுவாக ஒத்துக்கொள்கிறார்கள்: முதலிலேயே பிடிக்காத வேலைக்குக் கூலி கொடுத்தால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. கெடுவதெல்லாம் பிடித்த வேலைதான்.

ஆக, உங்கள் நான்கு மாத ஆர்டர்கள் செய்த காரியம் இதுதான். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, கோலத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாயிதான், அதாவது அப்பாவின் அம்மா, எனக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தாள். விடியற்காலையில் சாணம் தெளித்துப் பெருக்கிவிட்டு, தரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஈரம் அதிகமாக இருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே கரைந்து கம்பி, அதாவது கோலத்தின் கோடு, கறுத்துவிடும். காய்ந்துவிட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு பத்து நிமிடம்தான் தரை நம் பேச்சைக் கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தில் புள்ளி முழுக்க வைத்தாக வேண்டும். மாவை ஆட்காட்டி விரல், நடுவிரல் மேல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளுவது. தள்ளும் வேகமும் கை நகரும் வேகமும் ஒன்றாக இருந்தால் கம்பி ஒரே கனத்தில் வரும். கை முந்தினால் இழை அறுந்துபோகும், விரல் முந்தினால் அங்கங்கே குட்டிக் குட்டியாகக் குவியும். எனக்கு அந்த இரண்டையும் சேர்க்க ஒரு கோடை லீவு முழுக்க ஆனது.

சிக்குக் கோலத்தின் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பி எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் சுற்றாமல் விடவும் கூடாது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சில ஊர்களில் இதை நெளிக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள்.

அப்பாயிக்கு வாய்ப்பாடு கிடையாது. ஆனால் நான் நாலுக்கு நாலு புள்ளி வைத்துக்கொண்டு முழித்தபோது சொன்னாள்: “சதுரமா வச்சா கம்பி கம்பியா பிரிஞ்சு போயிரும்டி. ஒரு பக்கம் ஒண்ணு கூட வை, ஒத்தக் கம்பி ஓடும்.” வைத்தேன். ஓடியது. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலேஜில் எண்ணியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது. புள்ளிகளை நீளம், அகலமாக நேராக வைத்து, கம்பியைச் சாய்வாகவே ஓட்டி, ஓரம் வந்தால் மட்டும் வளைத்துத் திருப்பிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மொத்தம் எத்தனை தனித்தனிக் கம்பி வரும் என்பது அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். 3-க்கு 3 வைத்தால் மூன்று கம்பி. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 3-க்கு 4 வைத்தால் ஒன்றே ஒன்று. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது என்பதால், ஒரு பக்கம் ஒன்று கூட வைத்தால் எவ்வளவு பெரிய கோலமானாலும் ஒத்தைக் கம்பிதான். அந்த வகுத்தியைக் கண்டுபிடிக்க வழி எழுதிவைத்த கிரேக்கர் யூக்ளிட் ஞாபகத்துக்கு வருவதற்குப் பதிலாக எனக்கு அப்பாயியின் சாணி வாசனை வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன், அவள் “பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டாள். வரவில்லை. 31 வருடத்தில் நான் எடுத்த எந்தப் பரீட்சைத்தாளிலும் அது வந்ததில்லை.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் அது இருப்பது இந்த அளவு சின்ன இடத்தில்தான். 3-க்கு 4 கோலத்தில் கம்பி தன்னைத் தானே குறுக்கிடும் இடங்கள் 17. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கடக்க வேண்டும், ஆக 34 தடவை. பாதி வழியில் உங்களுக்குத் தெரியாது, எந்தப் புள்ளியையாவது விட்டுவிட்டோமா என்று. இருபதாவது குறுக்கில், “இது ஏற்கெனவே வந்த வழியோ” என்று ஒரு சின்ன கிலி வரும். முப்பதைத் தாண்டியதும் தொடங்கின இடம் கண்ணில் படும். அப்போது பால் பொங்கி வழிந்தாலும் காதில் விழாது. வழிந்திருக்கிறது, பல தடவை.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்று ஒரு உளவியலாளர் இருந்தார் (பெயரே ஒரு சிக்குக் கோலம்). மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் என்று பலரிடம், நேரம் போவது தெரியாமல் மூழ்கிப்போகும் அந்த நிலையைப் பற்றி 1970-களில் விசாரித்தவர். அவர் சொன்னதில் எனக்கு உபயோகமானது மூன்று விஷயம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். கஷ்டம் நம் கைக்கு ஒரு விரல்கடை மேலே இருக்க வேண்டும். ரொம்ப மேலே போனால் பயம், கீழே போனால் கொட்டாவி.

இப்போது உங்கள் ஆர்டர் படத்தை இதில் வைத்துப் பாருங்கள். அடுத்து என்ன என்பதை முடிவு செய்வது வாங்குபவர். சரியா தப்பா என்று தெரிய அவருடைய வாட்ஸ்அப் பதிலுக்காக மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கஷ்டமோ, ஏற்கெனவே நன்றாக வரும் அதே பூவையும் அதே பெயரெழுத்தையும் இருபது தடவை போடுவது. மூன்றும் போய்விட்டது. நிறமும் தண்ணீரும் தாளில் ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் நினைக்காத ஒரு ஊதா வந்து நிற்கும் அல்லவா, அந்த ஊதாவுக்கு ஆர்டரில் இடமே இல்லை. கேட்ட நிறம் வராவிட்டால் அது தப்பு.

நானும் இந்தக் குழியில் விழுந்தவள்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தார்கள். சும்மா கலந்துகொண்டேன். முதல் பரிசு, ஒரு ஹாட்பேக். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறு வருடம் கார்த்திகை மாதமே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எதைப் போட்டால் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று. சிக்கு எடுபடாது, தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை நூல் மாதிரி இருக்கும். ரங்கோலிதான் கண்ணில் அடிக்கும் என்று கணக்குப் போட்டேன். எட்டு நிறப் பொடி வாங்கினேன். மயில் போட்டேன். எனக்கு மயில் வராது. கோழிக்கும் மயிலுக்கும் நடுவில் ஒன்று வந்தது. பரிசும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அடுத்த ஒரு வருடம் வாசலில் ஐந்து புள்ளிக்கு மேல் நான் வைக்கவே இல்லை. மாவு டப்பாவைத் திறக்கும்போதே யாரோ முதுகுக்குப் பின்னால் மார்க் ஷீட்டோடு நிற்கிற மாதிரி இருக்கும்.

அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதுதான் உங்களுக்குத் தேவையான பகுதி என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு சின்ன சிமென்ட் தரை. யாரும் வர மாட்டார்கள், வேலைக்கு வரும் அம்மாவைத் தவிர. ஒரு நாள் சாயங்காலம் அங்கே 3-க்கு 3 போட்டேன். அடுத்த நாள் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன். போட்டோ எடுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்தால் போய்விடும். மெல்ல மெல்ல, முதுகுக்குப் பின்னால் இருந்த ஆள் கிளம்பிவிட்டார்.

கோலத்தின் பெரிய அதிர்ஷ்டமே அது நிற்காது என்பதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பால்காரர் சைக்கிள், பேப்பர் பையன், ஒரு நாய், மத்தியானத்துக்குள் பாதி காணாமல் போயிருக்கும். சேர்த்துவைக்க வழியில்லை, விற்க வழியில்லை, நேற்றையதோடு ஒப்பிடக்கூட வழியில்லை. இது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அங்கோலாவில் சொக்வே மக்கள் மணலில் வரிசையாகப் புள்ளி வைத்து, விரலை எடுக்காமல் அவற்றைச் சுற்றிக் கம்பி இழுப்பார்கள், அதற்கு சோனா என்று பெயர். போடுவது ஆண்கள், கதை சொல்லிக்கொண்டே போட்டுவிட்டு அழித்துவிடுவார்கள். மொசாம்பிக்கில் கணிதப் பேராசிரியராக இருந்த பவுலுஸ் கெர்டஸ் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மேலே சொன்ன மீப்பெரு பொது வகுத்திக் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும். பசிபிக் கடலில் வனுவாட்டு தீவுகளிலும் ஒற்றை விரலால் மணலில் இப்படி வரைகிறார்கள். யுனெஸ்கோ அதைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத மூன்று கூட்டம், மூன்றும் அழியும் தரையில்.

படித்தவர்கள் யாராவது இதில் நேரம் செலவழிப்பார்களா என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்லுங்கள். நான் இருப்பது தாம்பரத்தில். இங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி, கணினி ஒரு படத்தை விதிகளிலிருந்து வளர்த்தெடுக்க இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு வாசலில் பெண்கள் போடும் கோலம் உதாரணமாக அமைந்தது.

இன்னொருவர் எஸ். நாரணன். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்டது சிக்குக் கோலத்தை. ஃபிபோனாச்சி எண்கள் தெரியும் அல்லவா, 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போவது. அதில் 3-லிருந்து எந்த எண்ணில் சதுரம் வைத்தாலும், நடுவில் ஒரு சின்ன ஃபிபோனாச்சிச் சதுரமும் அதைச் சுற்றி, சுழலும் காகிதக் காற்றாடியின் இறக்கைகள் மாதிரி நான்கு செவ்வகங்களுமாக அதைப் பிரிக்கலாம். 5-க்கு 5 என்றால் நடுவில் ஒரே புள்ளி, சுற்றிலும் 2-க்கு 3-ஆக நான்கு, கூட்டினால் 25. 8-க்கு 8 என்றால் நடுவில் 2-க்கு 2, சுற்றிலும் 3-க்கு 5-ஆக நான்கு. 4-உம் 60-உம் 64. இந்த வழியில் கோலங்களைக் கட்டிக்கொண்டே போனார். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை எண்ணிய மனிதர் புள்ளியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தாலே எனக்கு ஒரு திருப்தி.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். மார்கழி வந்தால் போதும், கோலம் போட்டால் இடுப்புக்குப் பயிற்சி, மூளைக்கு நல்லது, எறும்புக்கு உணவு, அதிகாலை ஓசோன் என்று ஃபார்வர்டு வர ஆரம்பித்துவிடும். எறும்புக் கதை அரிசி மாவுக்குச் சரி. இன்றைக்குத் தெருவில் வண்டியில் வரும் கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்தது. எந்த எறும்பும் அதைத் திரும்பிப் பார்க்காது. அதை விடுங்கள். பிடித்ததைச் செய்வதற்கு ஏன் இப்படி மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும்? “இதனால் என்ன வரும்” என்ற கேள்விக்குப் பணம் என்று சொன்னாலும் ஆரோக்கியம் என்று சொன்னாலும் அந்தக் கேள்விக்கு அடங்கிப்போனதாகத்தான் அர்த்தம். மன அழுத்தம் குறைவதற்காக வாட்டர்கலர் போட உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை “குறைந்துவிட்டதா” என்று பார்க்கத் தோன்றும். குறையவே குறையாது.

‘மெனக்கெடுவது’ என்ற சொல்லையே பாருங்கள். வினை கெடுதல் என்பதுதான் அப்படி மருவியிருக்கிறது. செய்ய வேண்டிய வேலையைக் கெடுத்துக்கொண்டு பொழுதை வீணடிப்பது என்றுதான் முதலில் பொருள். இன்றைக்கு அதே சொல்லை, ஒன்றைப் பிரியமாகப் பாடுபட்டுச் செய்வதற்குச் சொல்கிறோம். “எவ்வளவு மெனக்கெட்டு செஞ்சிருக்கா பாரு” என்றால் அது பாராட்டு. என் பொழுதுபோக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அவர் ரயில் எஞ்சின் எண் எழுதுகிறவர். தாம்பரத்தில் நடைமேம்பாலத்தில் நின்றுகொண்டு, வரும் வண்டியின் எஞ்சின் எண்ணையும் அது ராயபுரம் ஷெட்டா ஈரோடு ஷெட்டா என்பதையும் டைரியில் குறித்துக்கொள்வார். பதினைந்து டைரி ஆகிவிட்டது. ஒரு தடவை நான் கேட்டேன், “இதைத் திரும்ப எடுத்துப் படிப்பீங்களா?” என்று. “எதுக்குப் படிக்கணும்?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். வெகுநாளாகக் கண்ணில் படாத ஒரு எண் வந்துவிட்டால் அன்றைக்குக் காபியை இன்னொரு டம்ளர் கேட்பார், அவ்வளவுதான். நான் உளவியல் கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மனிதர் எதையும் படிக்காமலேயே செய்துகொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று, அவர் பாலத்தில் நிற்கும் ஒரு மணி நேரத்தை வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. நான் பின்பக்கம் இருபது நிமிடம் குந்தியிருந்தால் மூன்று பேர் கூப்பிடுவார்கள். பெண்களுக்குப் பொழுதுபோக்கில் பாதி வேலை அந்த இருபது நிமிடத்தைப் பிடிப்பதுதான். அதற்குத் தந்திரம் ஒன்றும் என்னிடம் இல்லை, “இப்ப வர முடியாது” என்று சொல்லிப் பழகுவதைத் தவிர. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். அப்புறம் அவர்களே தோசை வார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? வாட்டர்கலரைத் தூக்கிப் போட மாட்டேன், ஆனால் இப்போதைக்கு அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிடுவேன். அதைத் தொட்டவுடனே ஆர்டர் ஞாபகம் வரும். அது போக நாளாகும். நடுவில், யாரும் விலை கேட்க முடியாத ஒன்றை எடுத்துக்கொள்வேன். காகிதத்தில் பென்சில் கோலமாக இருக்கலாம். மொட்டை மாடியில் நின்று எந்தப் பறவை எத்தனை மணிக்குக் கூட்டுக்குப் போகிறது என்று பார்ப்பதாக இருக்கலாம். எதுவானாலும் அதில் ஒரு சின்ன முடிச்சு இருக்க வேண்டும், அடுத்த நாள் அவிழ்ப்பதற்கு. வெறுமனே இளைப்பாறுகிற விஷயங்கள், சீரியல் பார்ப்பது, போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் நீங்கள் கேட்கும் சந்தோஷத்தைத் தராது. அவற்றில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறார்தான். பாராட்டு கெடுக்காது என்று மேலே நானே சொன்னேன், உண்மைதான். ஆனால் போட்டோ எடுக்கும்போது நாம் பாராட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறோம். படத்தின் எந்த மூலை ஃபிரேமில் வரும் என்று போடும்போதே கை யோசிக்க ஆரம்பித்துவிடும். தற்செயலாக யாராவது பார்த்து “அட” என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அது அந்த இரண்டாவது கூட்டத்துப் பிள்ளைகளின் சான்றிதழ் மாதிரி.

மோசமாக வருவதைப் பற்றி ரொம்பப் பேர் கவலைப்படுகிறார்கள். என் கம்பி இன்றைக்கும் ஒரே கனத்தில் வருவதில்லை. இடது பக்கம் வளைக்கும்போது ஒரு முடிச்சு விழும், 50 வருடமாக விழுகிறது. அப்பாயி இருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

காசு விஷயம். அந்த ஆர்டர் பணம் வீட்டுக்கு உண்மையிலேயே தேவை என்றால், தாராளமாகச் செய்யுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை வேலை என்றே சொல்லுங்கள்; வேலைக்குரிய விலை போடுங்கள், நேரம் குறித்துச் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுங்கள். “பிடித்ததைத்தானே செய்கிறாய், 200 ரூபாய்க்குக் கொடேன்” என்று கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வேலைக்கு ஒரு படம், உங்களுக்கு ஒரு படம் என்று தாளையே வேறு வேறாக வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அது நடக்கிறது. எனக்கு ஹாட்பேக் ஒன்றுக்கே தாங்கவில்லை.

கடைசியாக, இன்று ராத்திரிக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறேன். 3-க்கு 3 புள்ளி வையுங்கள். கம்பியைச் சாய்வாக ஓட்டினால் மூன்று தனிக் கம்பி வரும் என்று சொன்னேன் இல்லையா? அதில் கம்பிகள் குறுக்கிடும் இடம் 12. ஏதாவது ஒரு குறுக்கில், இரண்டு புள்ளிக்கும் நடுவே சுவர் எழுப்பின மாதிரி, கம்பியைக் கடக்கவிடாமல் அந்தந்தப் பக்கமே வளைத்துத் திருப்பிவிடலாம். வெவ்வேறு கம்பிகள் சந்திக்கும் இடமாகப் பார்த்துச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி இரண்டு இடத்தில் செய்தால் மூன்றும் ஒத்தைக் கம்பி. ஆனால் கோலம் கோணிக்கொண்டு நிற்கும். நான்கு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், கம்பியும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் நான்கு இடத்தில் சுவர் வைக்க வேண்டும். எந்த நான்கு? எனக்கு அந்தத் துவைக்கும் கல் பக்கத்தில் மூன்று சாயங்காலம் ஆனது. விடையை இங்கேயே எழுதிவிடலாம், ஒரு வரிதான். எழுத மாட்டேன்.

பென்சிலில் போடுங்கள். ரப்பர் பக்கத்தில் இருக்கட்டும்.